என் கம்ப்யூட்டருக்குள் இன்னொருவர்

கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு அடுப்பில் குக்கரை வைப்பேன். மூன்று விசில் வந்து, இறக்கி வைத்து, கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தால் திரையில் அந்த வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும். ஆறு மாதத்துக்கு முன்பு அப்படி இல்லை.

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மையும் விளக்கும் ஜாடியும் செய்கிற சின்ன யூனிட்காரர்களுக்குப் படம் எடுத்து கேட்லாக் தயாரித்துக் கொடுப்பது என் தொழில். ஏழு வருடப் படங்கள் அந்தக் கம்ப்யூட்டரில் இருந்தன. கூடவே 'அப்பா' என்று ஒரு ஃபோல்டர், நிலத்துப் பேப்பர்களின் ஸ்கேனோடு. கம்மாபுரம் பக்கத்தில் எங்கள் வீடும் நிலமும் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போவதற்கு முன்பு நான் எடுத்த படங்கள் அதில் இருந்தன: நான்கு பலா மரங்கள், போர்வெல், மாட்டுக் கொட்டகை. அங்கே அவையெல்லாம் இருந்தன என்பதற்கு வேறு சாட்சி கிடையாது. வீடு போனபின் அப்பா என்னோடுதான் இருக்கிறார்.

நான் வெளியே போகும்போது அவர்தான் எதையாவது அழுத்திவிடுகிறார் என்று முதலில் நினைத்தேன். கேட்டேன். "அதுங்கிட்ட நான் போறதே இல்ல. எனக்குப் போனே போதும்" என்றார். நம்பினேன், முழுதாக இல்லை.

ஒருநாள் கம்ப்யூட்டர் பெட்டியை ஸ்கூட்டரில் வைத்துப் பாலக்கரையில் இருக்கிற சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் அதைப் போட்டு, பொறுமையாகக் காத்திருந்து, ஒரு பட்டியலைத் திறந்து காட்டினார். கம்ப்யூட்டர் எழும்போதே கூடச் சேர்ந்து எழுகிற புரோகிராம்களாம். பிரிண்டருடையது, மீட்டிங்குடையது என்று ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார்.

"இது நீங்க போட்டதுங்களா மேடம்? உள்ள இருக்குற ஃபைலைக் காப்பி எடுத்து வேற எடத்துக்கு அனுப்புது."

"இல்லியே."

"இந்த மெயில் உங்களுதா?"

பார்த்தேன். திட்டக்குடியில் உரக்கடை வைத்திருக்கும் என் தம்பியின் மெயில். அனுப்பிக்கொண்டிருந்தது ஒரே ஒரு ஃபோல்டரை. அப்பா ஃபோல்டரை.

போன பொங்கலுக்கு வந்தபோது ஏதோ பிரிண்ட் எடுக்கணும் என்று அரைமணி நேரம் இதன் முன்னால் உட்கார்ந்திருந்தான். நான் சமையலறையில் இருந்தேன்.

கடைக்காரர் அதையும் நிறுத்தினார். "ஆனா மெதுவா வர்றதுக்கு இது காரணம் இல்லீங்க. ஹார்டு டிஸ்க்கு போற நிலைமையில இருக்குது. ரெண்டு நாளு வுட்டுட்டுப் போங்க. இருக்குறத எடுத்து வச்சிட்டு எஸ்எஸ்டின்னு புது டிஸ்க்கு போட்டுத் தரேன்."

என் மனம் அன்று இருந்த நிலையில் அவர் முகமும் சரியாகப் படவில்லை. நல்ல சாமானைக் கழற்றிக்கொண்டு பழசை மாட்டிவிடுவார்கள் என்று எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள். யோசித்துச் சொல்வதாகச் சொல்லிப் பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

தம்பியிடம் கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவான் என்று தோன்றியது. பாஸ்வேர்டை மட்டும் மாற்றினேன். அந்த வாரம் அவனே போன் செய்து, பேச்சோடு பேச்சாக, "அப்பா பேப்பரு எல்லாம் பத்திரமா இருக்குதாக்கா?" என்றான். சாதாரணக் கேள்விதான். எனக்கு அப்படிப் படவில்லை. சுரங்கத்துக்காரர்கள் கொடுப்பதாகச் சொல்லியிருந்த மாற்று மனை யார் பெயருக்குப் போகும் என்பது எங்கள் இருவருக்குமே மனதில் ஓடிக்கொண்டிருந்த விஷயம். வாய்விட்டுப் பேசியதில்லை.

கடைக்காரரை நம்பாத நான், முகம் தெரியாத ஒருவனை நம்பினேன். ஆன்லைனில் இரண்டு டிபி (டெராபைட்) கொள்ளும் என்று போட்டிருந்த பென்டிரைவ் ஒன்று, கடை விலையில் பாதிக்கும் கீழே. வரவழைத்து, ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து எல்லாவற்றையும் அதில் ஏற்றினேன். பெயர்கள் வரிசையாகத் தெரிந்தன. ஒன்றையாவது திறந்து பார்க்கத் தோன்றவில்லை.

பத்து நாள் கழித்து, காலையில் கம்ப்யூட்டரைப் போட்டால் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து நாலு வரி. அதற்குமேல் எதுவும் வரவில்லை. பெட்டிக்குள் டிக் டிக் என்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது.

பென்டிரைவையும் எடுத்துக்கொண்டு அதே கடைக்குப் போனேன். அவர் செருகிப் பார்த்தார். பெயர்கள் இருந்தன. கடைசியாக ஏற்றிய சில படங்களைத் தவிர வேறெதுவும் திறக்கவில்லை.

"டூப்ளிகேட்டுங்க. ரெண்டு டிபின்னு காட்டும், உள்ள இருக்குற எடம் கொஞ்சந்தான். நெறஞ்சதும் பழசு மேலயே எழுதிக்கிட்டுப் போயிடும்." டிஸ்க்கைக் காதருகே வைத்துக் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்: "அன்னிக்கே வுட்டுட்டுப் போயிருந்தீங்கன்னா எடுத்திருக்கலாம் மேடம்."

அடுத்த வாரம் அப்பாவுக்கு விசாரணை. மரங்களையும் போர்வெல்லையும் கொட்டகையையும் இழப்பீட்டுக் கணக்கில் சேர்க்கச் சொல்லிப் போட்ட மனு மீது நிலமெடுப்பு அலுவலகத்தில் கூப்பிட்டிருந்தார்கள். "போட்டோவெல்லாம் எடுத்து வச்சிட்டியாம்மா?" என்று அப்பா கேட்டார். வைத்துவிட்டேன் என்று பொய் சொன்னேன்.

மறுநாள் பஸ் ஏறித் திட்டக்குடிக்குப் போனேன். தம்பி மனைவி டீ கொண்டுவந்து வைத்தாள். குடிக்காமலே கேட்டேன்.

"என் கம்ப்யூட்டர்ல நீ எதனா போட்டியா?"

தம்பி தலையைத் தூக்கவில்லை. "ஆமாக்கா."

"எதுக்கு?"

"நீ எதனா அழிச்சிடுவியோன்னுதான். மனைய நீ உன் பேருக்கே எழுதி வாங்கிடுவியாம்னு சொன்னாங்க."

"யாரு சொன்னாங்க?"

அவன் மனைவி உள்ளே போய்விட்டாள்.

"நானும் உன்னைத்தான் நெனச்சேன். பேப்பரைத் திருடிக்கிட்டுப் போறியோன்னு" என்றேன். அவன் எழுந்துபோய்த் தன் கம்ப்யூட்டரைப் போட்டான்.

எல்லாம் இருந்தது. பலா மரம், போர்வெல், அளவு டேப்பைப் பிடித்துக்கொண்டு கொட்டகை முன்னால் நிற்கும் அப்பா. அப்போதும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. படம் படமாகத் திறந்து மரங்களை எண்ணினேன். தம்பி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"நல்லா எண்ணிக்கோக்கா" என்றான். கோபமாகச் சொன்னானா, சிரித்தானா என்று நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வரவில்லை.

என் ஏழு வருட கேட்லாக் படங்கள் போனது போனதுதான். தம்பிக்கு அவை வேண்டியிருக்கவில்லை, அதனால் எடுக்கவில்லை. யூனிட்காரர்களிடம் வாட்ஸாப்பில் அனுப்பியிருந்ததைக் கேட்டுக் கேட்டுக் கொஞ்சம் சேர்த்தேன். ஒரு சிலர், ஏன் கேட்கிறாள் என்று சந்தேகத்தோடுதான் கொடுத்தார்கள்.

விசாரணையில் மரங்களையும் போர்வெல்லையும் ஏற்றுக்கொண்டார்கள். கொட்டகைக்கு இன்னும் பதில் வரவில்லை.

அதன்பின் தம்பியும் நானும் சேர்ந்தே பாலக்கரைக் கடைக்குப் போனோம். உள்ளே போட எஸ்எஸ்டி ஒன்று. சேமித்து வைப்பதற்கு, இரண்டு டிஸ்க் மாட்டுகிற பெட்டி ஒன்றைக் கடைக்காரர் காட்டினார். ஒன்று கெட்டால் மற்றது காப்பாற்றுமாம். "லாபம் ஜாஸ்தியா இருக்கறதத் தள்றாருக்கா" என்று தம்பி காதில் சொன்னான்.

"இடி வுழுந்தா?" என்று கேட்டேன்.

"ரெண்டும் சேந்தே போயிடும்ங்க" என்று ஒளிக்காமல் சொன்னார். "அப்டின்னா சாதா எக்ஸ்டர்னல் டிஸ்க்கு ரெண்டு வாங்கிக்குங்க. ஒண்ணு வேற வூட்ல இருக்கட்டும்."

வாங்கினோம். இரண்டையும் முழுக்க நிரப்பிச் சோதித்துக் காட்டச் சொன்னோம். ரொம்ப நேரம் ஆகும் என்றார். ஆகட்டும் என்று, கடைசிவரை இரண்டு பேரும் ஸ்டூலில் உட்கார்ந்து அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

இப்போது ஒரு டிஸ்க் என்னிடம், இன்னொன்று திட்டக்குடியில். தம்பி வரும்போது கொண்டுவருவான். இரண்டையும் செருகி, எத்தனை ஃபைல் இருக்கிறது என்று ஒத்துப் பார்ப்போம். போன மாதம் என்னுடையதில் இரண்டு அதிகமாக இருந்தன.

"எந்த ரெண்டுக்கா?" என்றான்.

திறந்து காட்டினேன். மாற்று மனை விஷயமாக அப்பா பெயருக்கு வந்திருந்த கடிதம், பக்கத்துக்கு ஒரு ஃபைலாக இரண்டு பக்கம். வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. போனில் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அவன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தான். படித்து முடிக்கும்வரை நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.