என் வீட்டுக்காரரின் மதியத் தூக்கம்

முப்பத்தோரு வருடம் அரசுப் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். சாப்பாட்டு மணிக்கு அடுத்து வரும் ஐந்தாவது பீரியட் எப்போதும் என் தலையில்தான் விழும். எதிரே அறுபது பிள்ளைகள் கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பார்கள். நான் என் கொட்டாவியை விழுங்கிக்கொண்டு போர்டில் பின்னங்களைக் கூட்டிக்கொண்டிருப்பேன். அதனால் மதிய நேரத்தில் மைசூரில் எங்கள் வீடு எப்படி இருக்கும் என்பதே ஓய்வு பெற்ற பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது.

என் வீட்டுக்காரர் தூங்கினார். வீடு அதற்குக் காவல் காத்தது.

அவர் எனக்கு மூன்று வருடம் முன்பே ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். சரியாக இரண்டு மணிக்குப் படுக்கையறைக் கதவு சாத்தப்படும். காலிங் பெல்லின் சுவிட்சை அணைத்துவிடுவார். குக்கர் விசில் கூடாது, மிக்ஸி கூடாது. கூரியர்காரன் வந்தால் நான் வாசலுக்கே ஓடிப்போய் கிசுகிசுவென்று பேசி அனுப்ப வேண்டும். நாலு, நாலரைக்கு எழுந்து வந்து, வீங்கிய முகத்துடன் காபிக்குக் கை நீட்டுவார். நாள் முழுக்கக் கல் உடைத்துவிட்டு வந்தவர் போல ஒரு பெருமூச்சு வேறு.

சோம்பேறித்தனம் என்று ஒப்புக்கொண்டிருந்தால் கூட மன்னித்திருப்பேன். அவர் அதற்கு ஒரு சித்தாந்தம் வைத்திருந்தார். காலையில் குக்கரஹள்ளி ஏரியைச் சுற்றி நடக்கப் போகிறேன் என்று கிளம்பும் ஐந்தாறு பேர் கொண்ட கூட்டம் ஒன்று உண்டு. அரைச் சுற்று நடப்பார்கள், ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து உடம்பைப் பற்றிப் பேசுவார்கள். அதில் ஒரு ரிட்டயர்டு பேங்க் மேனேஜர்தான் தலைமை வைத்தியர். மதியம் தூங்குகிறவனுக்கு ஆயுசு கெட்டி என்பது அவருடைய கண்டுபிடிப்பு. அதற்கு ஆதாரமாக அவர் போனில் அனுப்பும் செய்திகளை என் வீட்டுக்காரர் எனக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுவார். காலையில் 'பகல் தூக்கம் இதயத்துக்குப் பலம்' என்று வரும். மாலையில் அதே ஆளிடமிருந்து 'பகலில் தூங்குகிறவரா? உஷார்!' என்று வரும். இரண்டாவதை அவர் வாசிக்க மாட்டார். நான் கேட்டால், "அதெல்லாம் சும்னே, சும்மா எவனாச்சும் எழுதறது புள்ள" என்பார்.

ஒருநாள் மதியம் நான் துணி மடித்துக்கொண்டே சோபாவில் கண்ணயர்ந்துவிட்டேன். கால் மணி நேரம் இருக்கும். எழுந்தால் எதிரே நிற்கிறார்.

"ஏம்புள்ள, நீ பகல்ல தூங்கற ஆளே இல்லியே. சுகரா இருக்கும். போயி டெஸ்ட் பண்ணிக்க."

"நீங்க டெய்லி ரெண்டரை மணி நேரம் தூங்கறீங்களே, அது என்னங்க?"

"அது ரெஸ்ட். அது வேற, இது வேற."

அவர் தூங்கினால் ஆரோக்கியம், நான் தூங்கினால் வியாதி! இருந்தும் வெட்கமில்லாமல் பயந்துபோய் மறுநாளே ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். எல்லாம் சரியாக இருந்தது. ரிப்போர்ட்டைக் காட்டப் போனால், அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

போகப் போக இரண்டு மணி வரை கூட அவரால் தாங்க முடியவில்லை. பேப்பர் மடியில் கிடக்க, தலை தொங்கிவிடும். காபி டம்ளரைக் கையில் பிடித்தபடியே தூங்கி, வேட்டியில் கொட்டிக்கொண்டார். நான் மகளோடு போனில் பேசி முடித்து, அவரிடம் நீட்டுவதற்குள் குறட்டை. நான் வாய்க்கு வந்தபடி பேசினேன். "உழைக்காத உடம்பு, அதான்" என்றேன். பள்ளிக்கூடத்தில் தூங்கி வழியும் பிள்ளைகளை எழுப்பி நிற்க வைக்கும் அதே குரலில் சொன்னேன். அந்தப் பிள்ளைகளிடமும் ஏன் தூங்குகிறாய் என்று ஒருநாளும் கேட்டவள் இல்லை நான்.

போன தை மாதம் ஹனூரில் என் தம்பி புது வீடு கட்டிப் பால் காய்ச்சினான். காரில் போனோம். வாழை இலை நிறையச் சாப்பாடு. சாப்பிட்டு முடித்ததும், "கொஞ்சம் படுத்துட்டுப் போங்க மாமா" என்று தம்பி சொன்னான். எல்லார் முன்னாலும் பகலில் படுக்க அவருக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. "எனக்கென்னப்பா, நானென்ன கெழவனா?" என்று சாவியை எடுத்துக்கொண்டார்.

ஊரைத் தாண்டி நாலைந்து கிலோமீட்டர் போயிருப்போம். நேரான ரோடு, எதிரே ஒரு வண்டி இல்லை. நான் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேன். கார் மெல்ல, யாரோ கையைப் பிடித்து அழைத்துப் போவது போல, இடது பக்கம் இறங்கியது. திரும்பிப் பார்த்தேன். அவர் கண் மூடியிருந்தது. "ஏனுங்க!" என்று கத்தி ஸ்டீயரிங்கை இழுத்தேன். கார் ஒரு புளிய மரத்தை ஒரு முழ இடைவெளியில் விட்டுவிட்டு, தண்ணீர் பாய்ச்சிய மஞ்சள் பயிர்க் காட்டுக்குள் இறங்கி, சேற்றில் நின்றது.

காட்டுக்காரர் டிராக்டரோடு வந்தார். கயிறு கட்டிக்கொண்டே எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏனுங்க, தூங்கிப்போட்டீங்களாட்ட இருக்குதுங்க?"

"நாயி ஒண்ணு குறுக்க வந்துருச்சுங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

நாயும் இல்லை, நரியும் இல்லை. அந்தக் காட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் மிதிபட்ட மஞ்சள் செடிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தம்பி வந்துதான் எங்களை மைசூர் கொண்டுவந்து விட்டான். வழி நெடுக அந்த நாயின் நிறத்தைக் கூட அவனிடம் சொல்லிக்கொண்டு வந்தார் இவர்.

மறுநாள் இரண்டு மணிக்குக் கதவு வழக்கம்போலச் சாத்தப்பட்டது. நல்லா நாலு கேட்டுவிட வேண்டும் என்ற கோபத்தோடு கதவைத் திறந்துகொண்டு போனேன். குறட்டைச் சத்தம் தாங்காமல் ஆறு வருடத்துக்கு முன்பே நான் அடுத்த அறைக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டவள். அவர் படுத்துத் தூங்குவதை அதற்கப்புறம் அன்றைக்குத்தான் பக்கத்தில் நின்று பார்க்கிறேன்.

குறட்டை உச்சத்துக்குப் போனது. சட்டென்று நின்றது. அப்பாடா என்று நினைத்தேன். ஆனால் மூச்சும் வரவில்லை. நெஞ்சு ஏறுகிறது, இறங்குகிறது, காற்று மட்டும் போகவில்லை. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ண ஆரம்பித்தேன். பத்து. பதினைந்து. இருபத்திரண்டு. அவர் தண்ணீரில் மூழ்கி எழுந்தவர் போல ஒரு கேவலோடு மூச்சை இழுத்து, புரண்டு, மறுபடி குறட்டை விட்டார். ஒரு நிமிடம் கழித்து மறுபடி நின்றது.

கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். போனை எடுத்து அவர் முகத்துக்கு நேரே பிடித்து வீடியோ எடுத்தேன். எழுந்ததும் அதைப் போட்டுக் காட்டினால், "இது நானா? வேற யாரோ மாதிரி இருக்குது" என்றார்.

டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போக ஒரு வாரம் ஆனது. சின்ன வயதுப் பெண். வீட்டுப் பேச்சு தமிழ், வெளியில் கன்னடம், இரண்டும் கலந்து பேசினாள். இவர் உட்கார்ந்ததும் பகல் தூக்கத்தின் நன்மைகள் பற்றிப் பிரசங்கம் ஆரம்பித்தார். பேங்க் மேனேஜர் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் ஒப்பித்தார்.

"சார், ஒந்து நிமிஷ. மேடம் சொல்லட்டும்."

நான் போனை நீட்டினேன். அவள் முழுவதும் பார்த்தாள். சிரிக்கவில்லை.

"சார், மதியம் இருபது நிமிஷம் படுத்து ஃப்ரெஷ்ஷா எழுந்தா அதுல ஒண்ணும் தப்பில்ல. நீங்க ரெண்டரை மணி நேரம் தூங்கியும் டயர்டா எழறீங்க. அப்பிடின்னா நைட்டு நீங்க தூங்கவே இல்லேன்னு அர்த்தம். மூச்சு நின்னு நின்னு உடம்பு எழுப்பிக்கிட்டே இருக்கு. அதான் பகல்ல விழுந்துடறீங்க."

"நான் எட்டு மணி நேரம் நல்லாத் தூங்கறேம்மா."

"படுத்திருக்கீங்க சார்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "மேடம், எத்தனை வருஷமா இப்பிடி மூச்சு நிக்குது?"

எனக்குத் தெரியாது. எத்தனை முறை நிற்கிறது என்றால் சொல்லியிருப்பேன், எண்ணியிருந்தேன். எத்தனை வருஷம் என்ற கேள்விக்கு அடுத்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தவளிடம் என்ன பதில் இருக்கும்? "தெரியலைங்க" என்றேன். வாழ்க்கையில் நான் சொன்ன பதில்களிலேயே மட்டமானது அதுதான்.

மூச்சை அளக்கும் ஒரு சின்னக் கருவியைக் கொடுத்து, வீட்டிலேயே மாட்டிக்கொண்டு தூங்கச் சொன்னார்கள். டாக்டர் சொன்னதுதான் என்று உறுதியானது. ரத்த அழுத்தமும் ஏறியிருந்தது. மூக்கில் மாட்டும் முகமூடி, குழாய், மூச்சு நின்றுவிடாமல் காற்றை ஊதித் தள்ளப் பக்கத்தில் ஒரு மிஷின் என்று கொடுத்தார்கள். முதல் பத்து நாள் அதோடு அவர் போட்ட சண்டை இருக்கிறதே! "யானைத் தும்பிக்கையை ஒட்ட வெச்ச மாதிரி இருக்குது" என்று கழற்றி எறிவார். நான் என் தலையணையை எடுத்துக்கொண்டு பழைய அறைக்கே திரும்பினேன். கழற்றக் கழற்ற மாட்டிவிட்டேன். பாசம் என்று யாரும் நினைக்க வேண்டாம். பயம், கொஞ்சம் குற்ற உணர்ச்சி.

மூன்றாவது வாரம் அவர் விடியற்காலையில் தானாகவே எழுந்து, மாடியில் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுவிட்டு, எனக்கும் சேர்த்துக் காபி போட்டு வைத்திருந்தார். முகத்தில் வீக்கம் இல்லை. முப்பது வருடத்துக்கு முன்னால் இருந்த ஆள் ஒருவர் சமையலறையில் நிற்பது போல இருந்தது. காபியை வாங்கிக் குடித்தேன். சர்க்கரை அதிகம்.

திருந்திவிட்டார் என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். இப்போது ஏரிக்கரை பெஞ்சில் அவர்தான் தலைமை வைத்தியர். கொட்டாவி விடுகிறவனை எல்லாம், "குறட்டை விடுவீங்களா? போயி செக் பண்ணுங்க" என்று மிரட்டுகிறார். பேங்க் மேனேஜர் வேறு பெஞ்சுக்கு மாறிவிட்டாராம்.

மதியத் தூக்கம் நின்றதால் அவருக்குப் பொழுதும் போகவில்லை. நேற்று இரண்டரை மணிக்கு ஒரு பல்பு வாங்கி வருகிறேன் என்று கிளம்பிப் போனார். கால் மணி நேரத்தில் வெறுங்கையோடு, வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தார்.

"பட்டப்பகல்ல ஷட்டரை இறக்கிப்போட்டுத் தூங்கறானுங்க புள்ள! ஒரு கடை கெடையாது. இப்பிடித் தூங்கினா இந்த ஊரு எங்க உருப்படறது?"

நான் அவர் முகத்தையே பார்த்தேன். கிண்டல் செய்கிறாரோ என்று தேடினேன். இல்லை, மனசாரத்தான் சொன்னார்.