படிவத்தில் நான் எழுதிய பெயர்

இரண்டு வருடங்களுக்கு முன், முசலிப் பக்கத்தில் ஒரு கலவன் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். சொந்த ஊர் யாழ்ப்பாணம். பாடசாலைக்குக் கிட்டவே வாடகைக்கு ஓர் அறை. பள்ளி விட்டால் மறுநாள் காலை வரை என்னோடு பேச ஆளில்லை. சோளகக் காற்று வீசும் மாதங்களில் அதன் சத்தம் மட்டும் கேட்கும்.

அந்தத் தவணையில் பிள்ளைகளின் பாதுகாப்புப் பற்றி ஒரு வழிகாட்டல் வந்தது. யாராவது பிள்ளைகளை வெறுப்பின் பக்கம், தீவிரவாதத்தின் பக்கம் இழுக்கிறார்களா என்று ஆசிரியர்கள் கவனிக்க வேண்டுமாம். நண்பர்களை விட்டு விலகுவது, திடீரென்று உடை மாறுவது, போனை மறைப்பது என்று அறிகுறிகளும் போட்டிருந்தார்கள். வாசிக்கும்போதே எனக்கு ஒரு முகம் வந்துவிட்டது.

பத்தாம் வகுப்பு முஸ்லிம் பிள்ளை. போன தவணை வரை வாய் ஓயாதவள். இப்போது இடைவேளையில் தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் தனியே இருந்து சாப்பிட்டாள். முக்காடு நீண்டிருந்தது. புத்தகப் பைக்குள் போன் ஒளித்து வைத்திருந்ததையும் கண்டேன். ஒரு கிழமை தூர நின்று கவனித்தேன். திரும்பும்போதெல்லாம் அவளும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதையும் குறித்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை, வழிகாட்டலோடு வந்திருந்த படிவத்தில் அவள் பெயரை எழுதினேன். எழுதிய பிறகுதான் கீழே இருந்த கேள்வி கண்ணில் பட்டது. பிள்ளையுடன் கதைத்தீர்களா? பொய் எழுத மனம் வரவில்லை. ஒப்புக்குக் கேட்டுவிட்டு வருவோம் என்றுதான் தாங்கியடிக்குப் போனேன்.

"ஏன் பிள்ளை தனிய இருக்கிறீர்?"

அவள் சாப்பாட்டுப் பெட்டியை மூடினாள். "நானா விலகேல்லை டீச்சர். அவள்தான் என்னோட கதைக்கிறதில்லை."

அவள் சொன்னது, முதலாம் வகுப்பிலிருந்து பக்கத்தில் இருந்த தோழியை. தோழி என் சமயத்துப் பிள்ளை. வகுப்புத் தலைவி, சிரித்த முகம். அவளைப் பற்றி நான் ஒரு கணமும் யோசித்ததில்லை.

"போனில ஒரு அண்ணாவாம். முஸ்லிம் ஆக்கள் எல்லாம் எதிரி, எங்களோட சேரக் கூடாது எண்டு அவளுக்குச் சொல்லிக் குடுக்கிறார். நாளைக்கு வகுப்பு எண்டு வீட்டில சொல்லிப்போட்டு அவரைப் பாக்க வவுனியாவுக்குப் போகப் போறாள். உங்களிட்டச் சொல்லத்தான் ஒரு கிழமையா பாத்துக்கொண்டிருந்தனான். கதைக்கிறதை நிப்பாட்ட முதல் அவளே எனக்கு எழுதினதைக் காட்டுறதுக்குத்தான் போனும் கொண்டு வந்தனான்."

தோழி அனுப்பிய செய்திகளை வாசித்துவிட்டு நேரே அதிபரிடம் போனேன்.

அன்று பின்னேரமே அதிபரும் நானும் தோழியின் வீட்டுக்குப் போனோம். முதலில் மறுத்தாள், கத்தினாள். பிறகு தாயின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு போனை நீட்டினாள். சிறுவர் பாதுகாப்பு அதிகாரிகள் விசாரித்ததில், அந்த 'அண்ணா' சொன்ன பெயரும் பொய், வயதும் பொய். வேறு ஊர்ப் பிள்ளைகளோடும் அவன் அப்படிப் பேசியிருந்தான்.

தோழியைத் தாய் தகப்பன் வேறு பாடசாலைக்கு மாற்றினார்கள். போகும்போதும் அவள் இவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. காட்டிக்கொடுத்தவள் என்று நினைத்திருப்பாள்.

அதன் பிறகு இடைவேளைகளில் நானும் என் பார்சலைக் கொண்டு தாங்கியடிக்குப் போவேன். ஒருநாள் முக்காட்டைப் பற்றிக் கேட்டேன்.

"உம்மா சவூதியில வேலை செய்றா. அங்கயிருந்து அனுப்பினது," என்றாள். "நீளம் கொஞ்சம் கூடிப்போச்சு டீச்சர். வெட்ட மனம் வரேல்லை."

படிவத்தை அந்த வெள்ளிக்கிழமையே கிழித்துவிட்டேன். அதில் அவள் பெயர் இருந்ததை அவளிடம் சொல்ல மட்டும் எனக்குத் துணிவு வரவில்லை. மாற்றலாகி வரும்போதும் சொல்லவில்லை.

நானும் தனி, அவளும் தனி, இடையில் இருந்தது இருபது அடி முற்றம்; அதைக் கடக்க எனக்கு ஒரு படிவம் தேவைப்பட்டது என்ற நினைப்பு இன்றைக்கும் என்னைச் சுடுகிறது.