பிறந்த லயத்துத் தேத்தண்ணி

சிறுநீரகம் கைவிட்டவர், இரண்டு இரத்தச் சுத்திகரிப்புகளுக்கு நடுவே நாளொன்றுக்கு அரை லீட்டருக்கு மேல் எந்தத் திரவமும் அருந்தக் கூடாது. தேநீர், கஞ்சி, குழம்பு எல்லாம் அதில் அடங்கும். ஆஸ்பத்திரிச் சுவரில் மும்மொழியிலும் ஒட்டியிருக்கும் விதி இது. அதன் தமிழில் இருந்த பிழைகளை முதல் நாளே பேனாவால் திருத்தியவன் நான். ஓய்வு பெற்ற பாடசாலை அதிபர். அதற்கு முன் விஞ்ஞான ஆசிரியர்.

செவ்வாயும் வெள்ளியும் எனக்கு இயந்திரம். மகளின் முகூர்த்தம் ஒரு வெள்ளிக்கிழமை. அந்த வாரம் மட்டும் வியாழனுக்கு மாற்றித் தரும்படி விண்ணப்பம் எழுதி, பிரிவுத் தாதி ஊடாக ஆஸ்பத்திரிப் பணிப்பாளருக்கு அனுப்பினேன். பதில் இல்லை. நினைவூட்டல் அனுப்பினேன். அதற்கும் இல்லை.

கல்யாணத்துக்கு முந்தின புதன்கிழமை, புளத்கொகுபிட்டியவுக்கு மேலே நான் பிறந்த தேயிலைத் தோட்டத்துக்கு அழைப்பிதழ் கொடுக்கப் போனேன். லயத்து வரிசை வீட்டில் பிறந்து அதிபரானவன் அங்கே ஒரு வீட்டுத் தேத்தண்ணியை வேண்டாமென்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். நோயைச் சொல்லியிருக்கலாம். சொல்லக் கூசியது. வாரம் இருமுறை பட்டணம் போவதைப் பென்ஷன் அலுவல் என்றே எல்லோருக்கும் சொல்லிவைத்திருந்தேன்.

முதல் வீட்டில் பாதி குடித்துவிட்டு வைத்தேன்.

"சீனி பத்தலைங்களா சேர்?" என்றாள் அந்த வீட்டு மருமகள்.

"போதும், போதும்."

"லயத்துத் தண்ணி இப்ப சேருக்கு எறங்காது போல," என்று மாமியார் சிரித்தார்.

மீதியையும் குடித்தேன். அடுத்த வீடுகளில் யாரும் சொல்லாமலே கோப்பையைக் காலி செய்தேன். ஒவ்வொன்றிலும் உப்பு முறுக்கு வேறு. பிரசாரணம் என்று நான் ஆண்டாண்டாய்க் கரும்பலகையில் வரைந்த பாடம்தான்: இரத்தத்தில் உப்பு ஏறினால் உடலின் கலங்களுக்குள்ளிருக்கும் தண்ணீர் வெளியே வரும், வற்றிய கலங்கள் தாகம் என்று கத்தும். ஆகவே மரியாதைக்காகக் குடித்தேன் என்றுகூடச் சொல்லிக்கொள்ள முடியாது. ஆசையாகக் குடித்தேன்.

உள்ளே போனது வெளியேற வழியில்லை. ரோட்டுக்கு இறங்கும் படியில் மூச்சு முட்டியது. நுரையீரலில் தண்ணீர். போதாக்குறைக்கு இரத்தத்தில் தேங்கிய அமிலம். அதை ஊதித் தள்ள உடம்பு மூச்சை மேலும் விரட்டியது. முதல் வீட்டு மருமகளின் கணவர்தான் என்னைத் தன் த்ரீவீலரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

உடனே இயந்திரத்தில் மாட்டினார்கள். மெல்லிய சவ்வின் அந்தப் பக்கம் யூரியா பரவிப் போக, இந்தப் பக்கம் பைகாபனேற்று வந்து அமிலத்தைத் தணிக்கும். பேச்சு திரும்பியதும் தாதி சிங்களத்தில் கேட்டாள்.

"கொச்சர பிவ்வத சேர்?" எவ்வளவு குடித்தீர்கள்?

"டிகக்," என்றேன். கொஞ்சம்.

இயந்திரம் இழுத்தெடுத்த தண்ணீரின் அளவை அவள் பதிவேட்டில் எழுதிக்கொண்டாள். கட்டிலோரம் நின்ற த்ரீவீலர்காரர் கேட்டார்.

"ஏன் சேர், ஒரு வார்த்த சொல்லியிருந்தா சும்மா வாயில வெச்சுட்டுக் கோப்பையத் திருப்பிக் குடுத்திருக்கலாமே. எங்க பெரியப்பாவுக்கும் இதே மெஷின்தான். நாங்க என்ன தெரியாதவங்களா?"

அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் குழாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் சனிக்கிழமை வரை விடவில்லை. வெள்ளிக்கிழமை என் இடத்தில் உட்கார்ந்து மகளைத் தாரை வார்த்தவர் மைத்துனர். தேத்தண்ணி கொடுத்த வீடுகளிலிருந்து எல்லோரும் கல்யாணத்துக்கு வந்திருந்தார்களாம். அப்பா எங்கே என்று ஒருவர்கூட மகளிடம் கேட்கவில்லையாம்.

எனது முறையை வியாழனுக்கு மாற்றிக்கொள்ள அனுமதி அளிக்கப்பட்டுள்ளது என்ற பதில் என் கைக்குக் கிடைத்தது, அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை.