தபாலில் வந்த உயிரியல்

பிளஸ் டூவில் நான் எடுத்தது வணிகவியல் பிரிவு. கணக்குப் பதிவியல் படித்த பெண்ணுக்கு ஏதாவது ஓர் ஆபீஸில் நாற்காலி கிடைத்துவிடும் என்று அப்பா நம்பினார். அவர் விக்கிரமசிங்கபுரம் மில்லில் குமாஸ்தாவாக இருந்தார். நாற்காலியின் மேல் அவருக்குப் பெரிய மரியாதை. எனக்கு நாற்காலி கிடைக்கவில்லை. பள்ளி முடிந்து இரண்டு வருஷம் வீட்டில் இருந்தேன். இருந்தேன் என்பதைவிட நடந்தேன் என்று சொல்லலாம். வாசலுக்கும் பின்கட்டுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். மில் சங்கு ஊதியதும் தெரு முழுக்க சைக்கிள்கள் நிறையும். இவ்வளவு பேரும் எங்கேயோ போகிறார்கள், எனக்குப் போக ஓர் இடம் இல்லையே என்று தோன்றும்.

"ஏட்டி, காலுல சக்கரமா கெட்டியிருக்கு? செத்த உக்காரேன்" என்பாள் அம்மா.

உட்கார்ந்தால் கால் தானாக ஆடும். அதற்கும் திட்டு விழும்.

பெண் பார்க்கவும் வந்தார்கள். எங்களுடையது வயலெல்லாம் கைவிட்டுப் போன சைவக் குடும்பம். வந்தவர்கள் அப்பாவிடம் பூர்வீகம் கேட்டார்கள், அம்மாவிடம் நட்சத்திரம் கேட்டார்கள். சொஜ்ஜி நன்றாக இருந்தது என்றார்கள். என்னிடம் கேட்க அவர்களுக்கு ஒன்றும் இருக்கவில்லை. ஜாதகம் சேரவில்லை என்று பிறகு சொல்லி அனுப்பினார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மழைக்காலத்தில் அம்மாவுக்குக் கருப்பையை எடுக்க வேண்டி வந்தது. பாளையங்கோட்டையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். துணைக்கு நான் இருந்தேன். அங்கிருந்த நர்ஸுகளைப் பார்த்ததும் எனக்குள் சேவை மனப்பான்மை பொங்கியது என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மையில் எனக்குப் பிடித்தது அவர்கள் நடந்த நடைதான். யாரும் அவர்களை உட்காரச் சொல்லவில்லை. ஒரு கட்டிலிலிருந்து இன்னொரு கட்டிலுக்கு விறுவிறுவென்று போனார்கள். போன இடத்தில் அவர்களுக்கு ஒரு வேலை இருந்தது.

அம்மாவின் கட்டைப் பிரித்துத் துடைக்க வந்த நர்ஸுக்கு நாசரேத் பக்கத்துப் பேச்சு. அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்த என்னிடம், "சும்மா நிக்காம இந்தத் தட்டப் புடி" என்றாள். பிடித்தேன். ரத்தமும் சீழுமாகப் பஞ்சு வந்து விழுந்தது. நான் முகத்தைத் திருப்பவில்லை.

"என்ன படிச்சிருக்க?"

"பிளஸ் டூ. காமர்ஸ் குரூப்."

"அடடா, அப்பம் நர்ஸிங் கெடைக்காதே" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

நான் கேட்கவே கேட்காத ஒன்றைக் கிடைக்காது என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து அது எனக்கு வேண்டியதாகிவிட்டது.

சில மாதம் கழித்துப் பேப்பரில் ஒரு விளம்பரம் பார்த்தேன். அறிவியல் படிக்காதவர்கள் நர்ஸிங், லேப் டெக்னீஷியன் போன்ற படிப்புகளில் சேர்வதற்குத் தயார்ப்படுத்தும் ஒரு வருஷ இணைப்புப் படிப்பு; பாடம் தபாலில் வரும். உயிரியல், வேதியியல், இயற்பியல், கொஞ்சம் ஆங்கிலம். அதில் தேறியவர்களைச் சில தனியார் நர்ஸிங் பள்ளிகள் எடுத்துக்கொள்ளும். அப்பாவிடம் காட்டினேன். அவர் நர்ஸிங் என்ற வார்த்தையைத் தாண்டி, தபால் என்ற வார்த்தையில் போய் நின்றார்.

"வீட்டுல இருந்தே படிக்கதுதான? படிச்சுட்டுப் போ. கல்யாணம் வரைக்கும் பொழுது போவணும்லா."

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டையில் நேர்முக வகுப்பு உண்டு என்பதும் அந்த விளம்பரத்திலேயே இருந்தது. அவர் அந்த வரி வரைக்கும் படிக்கவில்லை.

பாடக்கட்டுகள் வந்தன. நான் அறிவியலைக் கடைசியாகப் பார்த்தது பத்தாம் வகுப்பில். செல், திசு, உறுப்பு என்று உயிரியல் எப்படியோ உள்ளே போயிற்று. வேதியியல்தான் நுழைய மறுத்தது. புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடந்து நடந்து படித்தேன். அம்மா முருங்கைக்கீரை ஆயும்போது பக்கத்தில் நின்று சிறுநீரகத்தைப் பற்றிச் சத்தமாக வாசிப்பேன். "இதையெல்லாம் அடுப்படியில வச்சுத்தான் சொல்லணுமா?" என்பாள். ஆனால் நான் நிறுத்தினால், "பொறவு அந்த ரத்தம் எங்க போவுது?" என்று கேட்பாள்.

முதல் நேர்முக வகுப்புக்கு அண்ணன் கூட வந்தான். அடுத்த மாதம் அவனுக்கு அலுத்துவிட்டது. என்னைப் பஸ் ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மாதேவி என்று பஸ் ஒவ்வொரு ஊராக நின்று போகும். ஆறு சில இடத்தில் கண்ணில் படும், சில இடத்தில் வாழைத்தோப்புக்குப் பின்னால் மறைந்துகொள்ளும். ஜன்னலோரத்தில் உட்கார்ந்து வேதியியல் பாடத்து வேலன்ஸ் அட்டவணையை முணுமுணுத்துக்கொண்டே போவேன்.

அந்த வகுப்பில்தான் மேலப்பாளையத்து அக்காவைப் பார்த்தேன். முஸ்லிம் பெண்கள் போர்த்திக்கொள்ளும் வெள்ளைத் துப்பட்டியை மடித்து மடியில் வைத்துக்கொண்டு முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். பள்ளிக்கூடம் போகும் மகள் ஒருத்தி இருந்தாள். கணவர் துபாயில். மாமியாருக்குச் சர்க்கரை நோய். தினமும் இன்சுலின் ஊசியை இவளே போட்டுப் பழகியிருந்தாள். அதைப் பார்த்துத் தெருப் பெண்களெல்லாம் தங்களுக்கும் ஊசி போட இவளைக் கூப்பிட ஆரம்பித்தார்களாம்.

"பயமாப் போச்சு ஏளா. ஒருத்திக்கு ஊசி ஒத்துக்காமப் போனா நான் என்ன செய்வேன்? முறையாப் படிச்சிருவோம்னு வந்துட்டேன்" என்றாள்.

நான் எதற்கு வந்தேன் என்று அவள் கேட்டாள். வீட்டில் உட்கார முடியவில்லை என்றேன். சிரித்தாள். "அதுவும் ஒரு காரணந்தான்."

எனக்குப் புரியாத வேதியியலை மதிய இடைவேளையில் அவள் சொல்லித் தருவாள். அவளுக்கு வராத ஆங்கில வார்த்தைகளை நான் எழுத்துக் கூட்டிக் கொடுப்பேன். ஒரு மாதம் வகுப்பு முடியும்போது ஆசிரியர், அடுத்த முறை வருவதற்குள் எல்லாரும் கடையில் ஓர் ஆட்டு இதயம் வாங்கி, வெட்டிப் பார்த்து, பார்த்ததை வரைந்துகொண்டு வர வேண்டும் என்றார். புத்தகத்தைப் பார்த்து வரைந்தால் தனக்குத் தெரிந்துவிடும் என்றும் சொன்னார்.

நான் முழித்தேன். கார்த்திகைச் சோமவாரத்தில் வெங்காயம்கூடச் சேர்க்காத வீடு எங்களுடையது.

"எங்கூட்டுக்கு வா. அங்கன வச்சுப் பாத்துக்கிடலாம்" என்றாள் அக்கா.

அம்மாவிடம் ஒளிக்காமல் சொன்னேன். "வந்ததும் பின்வாசல் வழியா வா. தலைக்குக் குளிச்சுட்டு உள்ள ஏறு" என்றாள்.

அடுத்த நேர்முக வகுப்பன்று, வகுப்புக்கு முன்பே அவள் வீட்டுக்குப் போக முதல் பஸ்ஸைப் பிடித்தேன். மேலப்பாளையத்துச் சந்துக்குள் அவள் வீடு. முற்றத்தில் ஓர் அலுமினியத் தட்டில் இதயம் இருந்தது. குழாய்களை ஒட்ட நறுக்காமல் நீளமாக விட்டுத் தரும்படி கசாப்புக் கடையில் சொல்லி வாங்கியிருந்தாள். மாமியார் கட்டிலில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

வாடை வந்ததும் குழாயடிக்கு ஓடினேன். வாந்தி எடுத்துவிட்டு, முகம் கழுவி, திரும்பி வந்து உட்கார்ந்தேன். அக்கா பிளேடை என் கையில் கொடுத்தாள்.

இடது பக்கத்துச் சுவர் தடிப்பாக இருந்தது. வலது பக்கம் அதில் பாதிகூட இல்லை. புத்தகத்தில் இரண்டும் ஒரே நிறக் கோடுகள். இங்கே விரலை வைத்தால் வித்தியாசம் தெரிந்தது. பெருந்தமனியை மேல்நோக்கிப் பிடித்துக்கொண்டேன். அக்கா செம்பிலிருந்து மெல்லத் தண்ணீர் ஊற்றினாள். உள்ளே மெல்லிய சவ்வில் மூன்று சின்னப் பைகள் நிரம்பி, ஒன்றோடொன்று முட்டி, வழியை அடைத்துக்கொண்டன. தண்ணீர் கீழே இறங்காமல் நின்றது. செத்துப்போன இதயம், ஆனாலும் அந்தக் கதவு தன் வேலையைச் செய்தது.

மாமியார் கட்டிலிலிருந்து எழுந்து வந்து குனிந்து பார்த்தார்.

"நமக்குள்ளயும் இப்படித்தானா இருக்கு?"

"இப்படியேதான் மாமி" என்றாள் அக்கா.

அவர் தன் மார்பில் கையை வைத்துக்கொண்டு, "அல்லாவே" என்றார். பிறகு, "இன்னொரு தடவ ஊத்துங்க, பாப்போம்" என்றார்.

பார்த்ததை மனதில் வைத்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அப்பா புளிக்குழம்பைப் பிசைந்துகொண்டே, படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றார். நான் வாயைத் திறந்துவிட்டேன். "இதயத்துல இடது பக்கம்தாம்பா ரொம்பத் தடிப்பு. உடம்பு முழுசுக்கும் அதுதான ரத்தத்தத் தள்ளுது. நான் இன்னைக்கு வெட்டிப் பாத்தேன்."

அப்பாவின் கை இலையில் நின்றது. "எத வெட்டுன?"

"ஆட்டு இதயம்."

"எங்க?"

"மேலப்பாளையத்துல. கூடப் படிக்க அக்கா வீட்டுல."

அவர் கத்தவில்லை. எழுந்து போய்க் கை கழுவினார். மறுநாள் காலையில், குளித்து விபூதி பூசிக்கொண்டு வந்து, "படிச்ச வரைக்கும் போதும். இனி வகுப்புக்கெல்லாம் போவாண்டாம்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்.

அடுத்து வந்த நேர்முக வகுப்பு நானில்லாமல் நடந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. துவைத்த துணியைத் திரும்பத் துவைத்தேன். இதற்கிடையில் தென்காசிப் பக்கத்திலிருந்து ஒரு வரன் பேசினார்கள். பாடக்கட்டு தபாலில் வந்துகொண்டுதான் இருந்தது. பிரித்துப் படித்தேன். தேர்வு எழுதப் போகாத நீ எதற்குப் படிக்கிறாய் என்று என்னையே கேட்கத் தோன்றியது. ஆனால் படிக்காமலும் இருக்க முடியவில்லை.

ஒருநாள் மத்தியானம் வாசலில் மேலப்பாளையத்து அக்கா வந்து நின்றாள். பஸ்ஸில் வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. சர்க்கரை நோயுள்ள தன் மாமியாரை மகளிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். அன்றைக்கென்று அப்பாவும் வீட்டில் இருந்தார்.

"வாங்கம்மா" என்றார். வீட்டுக்கு வந்தவர்களை அவர் வா என்று சொல்லாமல் இருந்ததில்லை.

அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். "போன வகுப்புல நடத்துன பாடம் இவளுக்கு விட்டுப்போச்சு. சொல்லிட்டுப் போவோம்னு வந்தேன்" என்றாள்.

"இவ்வளவு தூரம் அதுக்காகவா வந்திய?"

"எனக்கும் ஆளு வேணும்லா. இவ இல்லாம எனக்கு இங்கிலீஷ் ஓடாது."

அம்மா காபி கொண்டுவந்தாள். அப்பாவுக்கென்று தனியாக இருந்த வெண்கல டம்ளரில் ஊற்றிக்கொண்டு வந்து அக்காவின் கையில் கொடுத்தாள். அப்பா அதைப் பார்த்தார். அம்மா அடுப்படிக்குத் திரும்பவில்லை; நிலைப்படியில் நின்றாள்.

"ஆஸ்பத்திரில நான் கெடந்தப்பம் ஒரு பொண்ணு வந்து எனக்குத் தொடச்சுவிட்டா. மூத்திரச் சட்டிய எடுத்தா. ஒருநாளும் மூஞ்சியச் சுளிச்சதில்ல" என்றாள் அப்பாவைப் பார்த்து. "அவளும் ஒரு வீட்டுப் பிள்ளதான. அவ அப்பனும் வேண்டாம்னு சொல்லியிருந்தா என் கதி என்ன?"

அம்மா அப்பாவிடம் அப்படி எதிர்நின்று பேசி நான் கேட்டதில்லை. அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அக்காவுக்குச் சங்கடமாகிவிட்டது. "நான் வந்தது தப்பாப் போச்சோ?" என்றாள். "நீ பாடத்தச் சொல்லு தாயி" என்றாள் அம்மா.

அப்பா எனக்கு அனுமதி எதுவும் தரவில்லை. அடுத்த நேர்முக வகுப்பன்று விடிகாலையில் என்னை எழுப்பி, "முதல் பஸ்ஸு போயிரும்" என்று மட்டும் சொன்னார். தென்காசி வரனுக்கு என்ன சொல்லி அனுப்பினார் என்று எனக்கு இன்றும் தெரியாது.

தேர்வில் அக்கா எல்லாப் பாடத்திலும் தேறினாள். நான் வேதியியலில் விழுந்தேன். ஆறு மாதம் கழித்துத் திரும்ப எழுதி எல்லைக்கோட்டில் தேறினேன். இருவருமாகச் சேர்ந்தே நாகர்கோவில் பக்கத்தில் ஒரு நர்ஸிங் பள்ளிக்கு நேர்காணலுக்குப் போனோம். என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். கல்யாணமானவர்களை எடுப்பதில்லை, விடுதியில் தங்கிப் படிக்கிற பெண்கள் கல்யாணமாகாதவர்களாக இருக்க வேண்டும் என்று அவளிடம் சொல்லிவிட்டார்கள். அவள் மதிப்பெண்ணை அவர்கள் பார்க்கக்கூட இல்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் துப்பட்டியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். வள்ளியூர் தாண்டியதும், நான் சேரவில்லை, வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன் என்றேன். துப்பட்டியை விலக்கினாள். கண் சிவந்திருந்தது.

"மடச்சி மாதிரிப் பேசாத. நீ வேண்டாம்னா அந்த இடத்த எனக்கா குடுக்கப் போறாவ?"

நான் நர்ஸிங் முடித்தேன். மூன்று ஊர் மாறி வேலை பார்த்தேன். அவள் தினமும் வீட்டிலிருந்தே போய்வரக் கூடிய லேப் டெக்னீஷியன் படிப்பில் சேர்ந்தாள். தன் ஊரிலேயே ஒரு லேபில் வேலைக்குப் போனாள். ஆண்களிடம் கை நீட்டத் தயங்கிய பெண்களெல்லாம் ரத்தம் கொடுக்க அவளைத் தேடி வந்தார்கள். துபாயிலிருந்து திரும்பிய கணவரும் லேப் வாசலில் வரிசையில் நிற்பவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டார்.

ஊருக்குப் போனால் அவளைப் பார்க்காமல் வருவதில்லை. ஒருமுறை லேபில் என் ரத்தத்தை எடுக்கக் கையில் ஊசி ஏற்றிக்கொண்டே, "வார்டுல வேலை பாக்கது எப்படி இருக்கும் ஏளா?" என்று கேட்டாள். சொன்னேன். இரவு நர்ஸ் காலையில் வார்டை ஒப்படைப்பது, மருந்து வண்டி, கட்டில் கட்டிலாகப் போவது, நடுவில் ஒருவர் உயிர் போவது, அடுத்த கட்டிலில் ஒருவர் இட்லி கேட்பது. அவள் ரத்தத்தைக் குழாயில் விட்டு மூடி, என் பெயரை எழுதி ஒட்டினாள்.

"ம், சொல்லு. பொறவு?" என்றாள்.

அவள் என்னைவிட நல்ல நர்ஸாக இருந்திருப்பாள் என்பது எனக்குத் தெரியும். இதை அவளிடம் சொல்லத் தைரியம் வந்ததில்லை; சொன்னால் என்ன ஆகிவிடப் போகிறது என்றும் தோன்றும். அவள் பஞ்சை என் கையில் அழுத்தி, "மடக்கிப் புடி" என்று சொல்லிவிட்டு வாசலைப் பார்த்து அடுத்தவளைக் கூப்பிட்டாள்.