ஈசாவின் பழைய தழும்பு

மலேசியாவின் மெர்கோங்கில் சாப்பாட்டுக் கடை நடத்தும் ஈசாவுக்கு, என்றோ கத்தி பட்டு ஆறிய கைத்தழும்பு மறுபடி வாய் பிளந்தது. ஈறிலும் இரத்தம். எலுமிச்சை பிழிந்து பிழிந்துதான் இப்படி என்று பழத்தையே வைதார். மனைவி மெஹருன்னிசா மௌத்தானபின் கடையில் டீ, பழச்சாறு என்று தண்ணி கலக்குவதும் அவரேதான்.

"என்ன சாப்பிடுறீங்க அங்கிள்?" என்றாள் கிளினிக்கில் டாக்டர் லோகேஸ்வரி.

"ரொட்டியும் தே தாரே டீயும். தனியாளுக்கு வேற என்னா லா?"

"தழும்பைப் பிடிச்சு வெக்கிறது கொலாஜன்ங்கிற கயிறு. பழசு கரையக் கரைய உடம்பு புதுசு செய்யணும். செல்லுக்குள்ள ஓர் அறையில மூணு இழை ஒண்ணா முறுக்கிக்கும், வெளிய வந்துதான் கயிறா இறுகும். உள்ள வைட்டமின் சி இல்லேன்னா முறுக்கு நிக்காது. எலுமிச்சை குடிங்க."

ஈசாவுக்குச் சுருக்கென்றது. ஊருக்கே பிழிந்து கொடுத்தவர், தன் வாயில் ஒரு மிடறு விட்டதில்லை.

மத்தியானக் கூட்டம் கலைந்ததும் ஓரத்து மேசையில் சாய்ந்து, பழைய பழக்கத்தில் குரல் கொடுத்தார்:

"மெஹரு, லிமாவ் ஐஸ் ஒண்ணு!"

தண்ணி கலக்குமிடத்தில் யாருமில்லை. சற்று நேரம் காத்திருந்தார். பிறகு எழுந்து போய் அவரே எலுமிச்சையைப் பிழிந்தார். காயம் எரிந்தது.