அண்ணன் ஆற்றும்போது எவனும் பேசக்கூடாது

கொட்டாஞ்சேனையில் தேநீர்க் கடை போட்டவன் நான். வெள்ளவத்தையில் சேற்றைத் தூர்த்து வீடு கட்டியவன் நான். வெள்ளைக்காரன் காலத்து யுத்தத்தில் சீனி கிடைக்காத நாளிலும் அடுப்பை அணையவிடாதவன் நான். படித்தது இரண்டாம் வகுப்பு. காசு தந்து தூக்கிவிட ஒருவரும் இல்லை. இதெல்லாம் ஊருக்குத் தெரியும். தெரியாத ஒன்று இருக்கிறது. அதை நினைத்தாலே எனக்குப் பற்றி எரிகிறது.

கடையில் தேநீர் ஆற்றியவர் என் அண்ணன். கையை உயர்த்தி ஆற்றிக்கொண்டே துறைமுகத்துக் கூலியாட்களோடு வாயடிப்பார். ஒரு சொட்டுச் சிந்தாது. வயது போனதும் அது குலைந்தது. பேசாமல் ஆற்றினால் கை பழையபடி ஓடும். "அண்ணே, நேற்று என்ன கறி?" என்று ஒருவன் கேட்டால் போதும், தேநீர் மேசையில் கிடக்கும். சொல்லும் கறியும் முந்தாநாள் கறியாக இருக்கும். தெருவிலும் அப்படித்தான். கேள்வி கேட்டால் கால் நின்றுவிடும்.

"வருத்தம் கைகாலில் இல்லை, தலையில்" என்றேன். அண்ணன் மகன், கந்தோரில் பேனா பிடிக்கும் கிளாக்கர், சிரித்தான்.

"சித்தப்பா, அப்பாவுக்கு முழங்கால் வருத்தம். நீங்க எப்ப டொக்டர் ஆனனீங்க?"

அண்ணி அதைவிட மோசம். "அவரைக் கடையால கலைக்கப் பாக்கிறீர். எனக்கு விளங்காதெண்டு நினைச்சீரோ?"

கலைக்கவா? அவரைத் துரத்தவா? நான் ஒரேயொரு சட்டம்தான் போட்டேன்: அண்ணன் ஆற்றும்போது எவனும் வாய் திறக்கக்கூடாது.

"என்ன முதலாளி, இது தேத்தண்ணிக் கடையோ, கோயிலோ?" என்று கூலியாட்கள் நக்கலடித்தார்கள். அடிக்கட்டும் என்று விட்டேன்.

ஒருநாள் நானும் அண்ணனும் அவர் மகனும் தேயிலை வாங்கப் புறக்கோட்டைக்குப் போனோம். ட்ராம் பாதையைக் கடக்கும்போது மகன் கேட்டான்: "அப்பா, வீட்டுத் திறப்பை எங்க வச்சனீங்க?"

அண்ணன் தண்டவாளத்தின் நடுவில் நின்று, சாவி எங்கே என்று யோசிக்கத் தொடங்கிவிட்டார். ட்ராம் மணியடித்துக்கொண்டு வருகிறது. "வாங்கோ, வாங்கோ!" என்று மகன் கத்தக் கத்த அவர் இன்னும் குழம்பி நின்றார். வேட்டியோடு பிடித்து இழுத்து என் மேல் விழுத்தியவன் நான்.

அதற்குப் பிறகு அவனும் தெருவில் வாயை மூடிக்கொண்டு நடந்தான். அண்ணன் கடைசிவரை தன் காலில் நடந்தார், தன் கையால் ஆற்றினார்.

செத்தவீட்டில் அதே மகன் சொல்கிறான்: "அப்பாவின்ர வருத்தத்தை முதல்ல கண்டது நான்தான். ஆத்தேக்க, நடக்கேக்க அவருக்குக் கதை குடுக்காதேங்கோ எண்டு எல்லாருக்கும் சொல்லி வச்சனான்." அண்ணி தலையாட்டுகிறாள். அன்று தொடங்கி ஒவ்வொரு திவசத்திலும் இதே பேச்சு.

டேய் கந்தோர்க்காரா, வேண்டுமானால் கடையை நீயே வைத்துக்கொள். அந்தச் சட்டம் என்னுடையது. வருகிற திவசத்தில், சாப்பிட உட்கார்ந்த சனம் எழும்புமுன், "கண்டது சித்தப்பா" என்று உன் வாயால் சொல்ல வேண்டும். சொல்லும்வரை உன் வீட்டில் நான் கை நனைக்க மாட்டேன்.