பொலிஸ் நிலையத்தில் ஒரு பச்சைக் கோடு

கெட்டுப்போன கொம்பியூட்டரைத் திருத்துவது அப்படியொன்றும் பெரிய வேலையில்லை. திருத்துகிற சாமான்களை வைத்துக்கொண்டு ஊரில் இருப்பதுதான் பெரிய வேலை. சண்டை நடந்த காலத்தில், கண்டியில், தமிழ்ப் பெயரோடு இந்தத் தொழிலைச் செய்த யாராவது இதைப் படித்தால் இப்போதே தலையை ஆட்டியிருப்பார்கள். மற்றவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம் வேண்டும்.

நான் சொல்வது இப்போதுள்ள கொம்பியூட்டர் அல்ல. அந்தக் காலத்தில் வந்ததில் விசைப்பலகைக்குள்ளேயே முழு மெஷினும் இருக்கும். அதை ரீவியில் செருகி, விளையாட்டோ கணக்கோ, கசெற்றிலிருந்து ஏற்ற வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் மாமாவோ மச்சானோ அதைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். பிறகு எங்கள் மழையும் கரப்பானும் மின்சாரமும் ஒன்றுசேர்ந்து அதை என்னிடம் அனுப்பிவைக்கும்.

எந்த மீற்றர் நல்லது?

எண்பத்துமூன்றில் தமிழரைத் தாக்கிய ஆடிக் கலவரத்தில் என் ரேடியோக் கடை எரிந்தது. வருடக்கணக்காகப் பார்த்துப் பார்த்து வாங்கிய சோதனைக் கருவிகள் எல்லாம் அதோடு போயின. வீட்டு இஸ்திரிப் பெட்டியைப் பார்க்க முதல்நாள் கொண்டுபோயிருந்த, மின்சாரம் அளக்கும் பழைய முள் மீற்றர் மட்டும் மிஞ்சியது. முஸ்லிம் வியாபாரியான பாரூக் நானாதான் தன் புடைவைக் கடைக்கு மேலே இருந்த அறையை எனக்குத் தந்தார். "வாடகையைப் பிறகு பார்ப்பம்" என்றார். அந்தப் "பிறகு" வர நீண்ட காலம் எடுத்தது.

மறுபடி தொழில் தொடங்கும்போது எனக்குப் பெரிய ஆசை வந்தது. மேசையை நிறைத்துக்கொண்டு நிற்கிற, இலக்கத்தில் துல்லியமாகக் காட்டுகிற ஒரு மீற்றர் கொழும்பில் விலைக்கு இருந்தது. அதன் படத்தை நானாவிடம் காட்டி அபிப்பிராயம் கேட்டேன். அவருக்கு வோல்ட்டும் தெரியாது, அம்பியரும் தெரியாது. ஆனால் எரிந்த கடைகளைப் பார்த்தவர். படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"தம்பி, சரியாக் காட்டுதா எண்டு பார்க்காதீங்க. ஓடுற நேரம் கையில தூக்க ஏலுமா எண்டு பார்த்து வாங்குங்க."

பாட்டில்லாத கசெற்

மடுல்கெல்லப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிளாக்கர் வீட்டு மெஷின் உயிரில்லாமல் கிடந்தது. "வாங்க சார், ஒரு வாரமா புள்ளைங்க மொகத்தைப் பார்க்க முடியல" என்று தேத்தண்ணி தந்து வரவேற்றார். மின்சாரம் கொடுக்கும் வயரை எலி கடித்திருந்தது, அவ்வளவுதான். சந்தோஷத்தில் அவர் ஒரு விளையாட்டுக் கசெற்றை எனக்கு அன்பளிப்பாகத் தந்தார்.

திரும்பி வரும் வழியில், சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். என் அடையாள அட்டையைப் பார்த்த இளம் அதிகாரி பையைக் கொட்டச் சொன்னார். வயர், மீற்றர், ஈயப்பற்று வைக்கும் கோல், கசெற். கசெற்றை எடுத்துத் தன் மேசையிலிருந்த ரேப் ரெக்கோடரில் போட்டார். கொம்பியூட்டர் கசெற்றைச் சாதாரண ரெக்கோடரில் கேட்டவர்களுக்குத் தெரியும், தகரத்தை ஆணியால் கீறுகிற மாதிரி நிற்காமல் கத்தும். பஸ்ஸில் வந்தவர்கள் என்னிடமிருந்து மெல்ல விலகி நின்றார்கள். இந்தச் சத்தம் மெஷினுக்குள் போனால் விளையாட்டாக மாறும் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். சொல்லும்போது எனக்கே அது பொய் மாதிரி இருந்தது. அவர் நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை. ஒரு பக்கம் முழுவதையும் கடைசிவரை கேட்டார். பிறகு மற்றப் பக்கத்தைத் திருப்பிப் போட்டார். கடைசியில் காதைத் தடவிக்கொண்டே கசெற்றை நீட்டினார். அவர் சிங்களத்தில் சொன்னதன் தமிழ் இதுதான்:

"இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறதே பெரிய தண்டனை. நீ போ."

பச்சைக் கோடு

மீற்றரால் எல்லா நோயையும் பிடிக்க முடியாது. இந்த மெஷின்களுக்குள் ஒரு நாடித் துடிப்பு உண்டு. அது ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்று முள்ளைப் பார்த்துச் சொல்ல ஏலாது. அதற்கு ஒசிலோஸ்கோப் வேண்டும். மின்சாரம் ஏறி இறங்குவதைச் சின்னத் திரையில் பச்சைக் கோடாக வரைந்து காட்டும் பெட்டி அது. கனடாவுக்குப் புறப்பட்ட ஒரு விஞ்ஞான ஆசிரியர் தன்னுடையதை எனக்கு விற்றார். நானாவின் புத்திமதியை மீறி வாங்கினேன். தூக்கிக்கொண்டு ஓடினால் முதுகு முறியும்.

முதலில் வீட்டுக்குத்தான் கொண்டுபோனேன். அறையை இருட்டாக்கி என் மனைவி ராணிக்குப் போட்டுக் காட்டினேன். பச்சைக் கோடு திரையில் அழகாக ஓடியது. எனக்குக் குழந்தை பிறந்த மாதிரிச் சந்தோஷம். அவள் கிட்ட வரவில்லை, கதவடியிலேயே நின்றாள்.

"இஞ்சருங்கோ, இதைப் பார்க்க எனக்கே பயமாக் கிடக்கு. செக் பண்ண வாறவங்களுக்கு எப்பிடி இருக்கும்?"

பூச்சியத்தை நோக்கி

திருத்திய மெஷினை உடனே கொடுக்க மாட்டேன். சில மணி நேரம் ஓடவிட்டு, சூடேறினால் நின்றுபோகிறதா என்று பார்ப்பேன். அதற்காக இலக்கங்களை எண்ணும் ஒரு சின்ன புரோகிராம் எழுதி வைத்திருந்தேன். காத்திருக்கும் வாடிக்கையாளர்கள் "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கேட்டுக் கரைச்சல் தந்ததால், மேலே போகாமல் கீழே இறங்கும்படி எண்ணவைத்தேன். பூச்சியம் வந்தால் 'பீப்' என்று சத்தம் வரும், மெஷினைக் கொண்டு போகலாம். நல்ல யோசனை என்று என்னை நானே மெச்சிக்கொண்டிருந்தேன்.

கொழும்பில் குண்டு வெடித்த மறுநாள், அறைகளில் தங்கும் தமிழர்களைப் பதிவு செய்யப் பொலிஸார் வந்தார்கள். கதவைத் திறந்த சார்ஜன்ட் கண்டது இதுதான்: வயர்கள், பச்சைக் கோடு ஓடும் பெட்டி, ரீவியில் குறைந்துகொண்டே போகும் இலக்கம், பக்கத்தில் ஒரு தமிழன். "இது பூச்சியம் வந்தா என்ன நடக்கும்?" என்றார். "சத்தம் வரும் சேர்" என்றேன். இதைவிட மோசமான பதிலை யோசித்தாலும் சொல்லியிருக்க முடியாது. நிற்பாட்டுகிறேன் என்று கையை நீட்டினேன். "தொடாதே!" என்று கத்தினார். எல்லோரும் கீழே ஓடினார்கள். நான் மட்டும் அங்கேயே நிற்க வேண்டும் என்று உத்தரவு. கீழே கடை காலியாகும் சத்தம் கேட்டது.

நான் நின்றேன். அது வெடிக்காது என்று அந்தத் தெருவிலேயே எனக்கு மட்டும்தான் தெரியும், ஆனாலும் இலக்கத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இடையில் மெஷின் நின்றுபோனால் இன்னும் மோசம். வெடிக்காத குண்டு வைத்தவன் என்று என்னைக் கொண்டுபோவார்கள். அந்த நாட்களில் அப்படிக் கொண்டுபோன எல்லோரும் திரும்பி வரவில்லை. என் வேலை சரியாக இருக்க வேண்டும் என்று அன்றைக்கு வேண்டின மாதிரி நான் ஒருநாளும் வேண்டியதில்லை. பூச்சியம் வந்தது. 'பீப்' என்றது. அதன் பிறகு வந்த அமைதியில், தெருவிலிருந்து பாரூக் நானாவின் குரல் மட்டும் கேட்டது.

"தம்பி... இருக்கிறீங்களா?"

விரல் சோதனை

என்னையும் ஒசிலோஸ்கோப்பையும் ஜீப்பில் ஏற்றினார்கள். பின்னால் நானா தன் வானில் வந்தார். பொலிஸ் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் பெட்டியைப் போட்டுக் காட்டச் சொன்னார். பச்சைக் கோடு நேராக ஓடியது. வயரின் நுனியை விரலால் தொட்டேன், கோடு அலையாகத் துள்ளியது. சுற்றியுள்ள மின்சாரம் எங்கள் உடம்பில் ஏறுவதால் அப்படி வரும், இந்தத் தொழிலில் எல்லோரும் செய்து பார்ப்பது. அவர் தன் விரலை வைத்தார். அதே அலை. சார்ஜன்டைக் கூப்பிட்டு அவர் விரலையும் வைக்கச் சொன்னார். அதே அலை. நானாவும் வைத்தார், அதுவும் அப்படியே. இன்ஸ்பெக்டர் எங்கள் எல்லோரையும் பார்த்துவிட்டு, கொஞ்சம் ஏமாற்றத்தோடு என்னிடம் கேட்டார்.

"அப்ப இதை வைத்து யார் புலி என்று கண்டுபிடிக்க ஏலாதா?"

என் பெட்டி, அவர்கள் மேசை

நானா பொறுப்பு நின்றதால் என்னை விட்டார்கள். பெட்டியை விடவில்லை. தேவைப்பட்டால் அங்கே வந்து பாவிக்கலாம் என்று இன்ஸ்பெக்டர் சொன்னார். பகிடியாகச் சொன்னாரோ தெரியாது, நான் உண்மையாகவே போனேன். நாடி பார்க்க வேண்டிய மெஷின்களைக் கட்டிக்கொண்டு, பொலிஸ் நிலையத்தில் ஒரு மூலையில் உட்கார்ந்து திருத்தினேன். காவலுக்கு நின்றவர்கள் தேத்தண்ணி தந்தார்கள், தங்கள் ரேடியோக்களையும் தந்தார்கள். தெருவில் மறிப்பவர்களும் நிலையத்தில் பார்த்த முகம் என்று கையசைத்து விட்டுவிடப் பழகினார்கள்.

பிறகு அந்த இன்ஸ்பெக்டர் மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவர், "இந்தக் குப்பையை எடுத்துக்கொண்டு போ" என்றார். துள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போய் ராணியிடம் சொன்னேன். அவள் கறிக்கு வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவேயில்லை.

"வேண்டாம். அது அங்கயே கிடக்கட்டும். இஞ்ச வந்தா, அதைத் தேடி வாறவை உங்களையும் சேர்த்துத்தான் கொண்டு போவினம்."

அவள் சொன்னபடியே அதை நான் எடுக்கவில்லை. ஆகவே என்னோடு சேர்ந்து அல்லல்பட்ட தொழில் தோழர்களே, ஆக நல்ல சோதனைக் கருவி எது என்று யாராவது கேட்டால், கடைசிவரை தான் வீட்டுக்கு வராமல் என்னை ஒவ்வொரு நாளும் வீட்டுக்கு அனுப்பிவைத்த அந்தப் பெட்டிதான் என்று சொல்வேன்.